யார் நூலானாலும் நனையக் கூடாது

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் என்னைத் திருடி என்று நினைத்துவிட்டார்கள். அதுவும் ஆரணியில், நான் பிறந்து வளர்ந்து இன்றைக்குச் சின்னதாக ஒரு பட்டுக்கடை வைத்திருக்கும் ஊரில். களம்பூர்ப் பக்கம் வானம் கறுத்தது, முதல் தூறல் ஜன்னல் தகரத்தில் விழுந்தது, அவ்வளவுதான். அடுப்பில் பால் இருந்ததை மறந்து மொட்டைமாடிக்கு ஓடினேன். கொடி நிறைய எதிர் போர்ஷன்காரர்களின் துணி. குடிவந்து பத்து நாள்கூட ஆகாதவர்கள். இரண்டு கையாலும் உருவி, மார்போடு அள்ளிக்கொண்டு படியிறங்கினால் எதிரே அந்தப் பெண் நிற்கிறாள். கோயம்புத்தூர்க்காரி, கணவருக்கு இங்கே வங்கியில் வேலை.

"ஏனுங்க, எங்க துணிய எதுக்குங்க எடுத்துட்டுப் போறீங்க?"

"மழ வந்துடுச்சிம்மா, அதான்."

"கேட்டுட்டு எடுக்கலாமில்லீங்க?"

துணியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள். எனக்குக் கோபம் எப்போதும் மூக்குநுனியில்தான் குடியிருக்கும், உங்களுக்குத் தெரியாததா? நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நின்றேன். அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து தீய்ந்த வாசனை வந்தது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. அதைத் துடைக்கத் துடைக்கக் கோபம் இறங்கிச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் மழையைப் பார்த்து அடுத்தவர் பொருளை அள்ளப் போய் அசடு வழிந்தது எனக்கு இது முதல் தடவை இல்லை. முதல் தடவை வெளிநாட்டில் நடந்தது. பூட்டான் வெளிநாடுதானே? பாஸ்போர்ட் இல்லாமல் காலை போய் மாலை வந்ததெல்லாம் வெளிநாட்டுப் பயணத்தில் சேராது என்கிற என் தம்பியோடு இன்றுவரை எனக்குச் சண்டைதான்.

அந்தக் கதைக்குப் போகுமுன் எங்கள் தெருவைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் பைத்தியக்காரி என்று நினைத்துக்கொள்வீர்கள். அப்போது காலையில் தெருவில் பாவு நீட்டுவார்கள். மூன்று நான்கு புடவைக்கு ஆகும் நீள இழைகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, ஒட்டாமல் பிரித்துவிடுவார்கள். கஞ்சியும் பட்டும் கலந்த அந்த வாசனை கொஞ்சம் புளிப்பாக, கொஞ்சம் ஈரத் தலைமுடி மாதிரி இருக்கும். வெளியூரார் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு அதுதான் காலை வாசனை. பாவு கிடக்கும்போது தூறல் விழுந்தால் தெருவில் ஒரே ஒரு சட்டம்: யாருடைய பாவாக இருந்தாலும் ஓடு, தூக்கு. சாப்பிடுகிறவர் எச்சில் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஓடுவார். பாதி மழித்த முகத்தோடு ஓடி வந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

என் அப்பாவும் எதிர்வீட்டுக்காரரும் ஒரு பப்பாளி மரத்துக்காக எட்டு வருஷம் பேசிக்கொள்ளவில்லை. மரம் பட்டுப்போன பிறகும் பேசவில்லை. ஆனால் எங்கள் பாவு தெருவில் கிடந்து மழை வந்த ஒரு நாள், ஒரு முனையை அப்பா பிடிக்க, மறு முனையை அவர்தான் பிடித்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே தூக்கி, எங்கள் நடையில் சேர்த்தார்கள். சேர்த்துவிட்டு அவர் ஒரு வார்த்தை பேசாமல் தெருவைக் கடந்து போனார். என் அக்காவைப் பெண் பார்க்க சந்தவாசலிலிருந்து வந்த மாப்பிள்ளையும் அப்படித்தான் மாட்டினார். பஜ்ஜித் தட்டைக் கையில் வாங்கியதும் தூறல். மனிதர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, புதுச் சட்டையோடு தெருவில் இறங்கிவிட்டார். அப்பா உள்ளே வந்து அம்மாவிடம், "வேற ஒண்ணும் விசாரிக்க வாணாம்" என்றார். அந்த அத்தான் பின்னாளில் குறட்டை விட்டே அக்காவைக் கொன்றார். அது வேறு விஷயம்.

எனக்கு இருபத்து நாலு வயதில் ஊரில் ஒரு பட்டுக்கடையில் வேலை. இந்திப் பரீட்சை ஐந்தாறு எழுதித் தேறியிருந்தேன். அதனால் வடக்கே கண்காட்சி என்றால் முதலாளி என்னைத்தான் அனுப்பப் பார்ப்பார். அப்பா லேசில் விடவில்லை. எங்கள் தெருவில் அதுவரை ஒரு பெண்ணும் வேலை என்று வேலூரைத் தாண்டியதில்லை. கடை மேனேஜர் ஏகாம்பரம் அண்ணனும் அவர் மனைவியும் கூட வருகிறார்கள் என்ற பிறகுதான் தலையாட்டினார். ஆட்டிவிட்டு ஒரு பூட்டும் போட்டார்.

"போற எடத்துல சொன்ன நேரத்துக்குத் திரும்பலன்னு ஒரு தடவ என் காதுல வுழுந்திச்சின்னா அதோட சரி. வீட்டாண்ட தறி கீது, குந்திக்கோ."

தறி எனக்குப் பகை இல்லை, பன்னிரண்டு வயதிலேயே உட்கார்ந்தவள்தான். ஆனால் ரயில் ஏறிப் பார்த்துவிட்டேனே. காட்பாடியில் கிளம்பிய ரயில் கிருஷ்ணா நதியைத் தாண்டியபோதே முடிவு செய்துவிட்டேன், இனிமேல் என்னை ஒருவரும் ஒரே இடத்தில் உட்காரவைக்க முடியாது என்று.

கண்காட்சி வடக்கு வங்காளத்துச் சிலிகுரியில். நாங்கள் போய்ச் சேர்ந்த இரவே பேய்மழை பெய்து பந்தல் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. திறப்பு ஒரு நாள் தள்ளிப்போனது. ஏகாம்பரம் அண்ணன் ஊரிலிருந்து மூட்டையில் கொண்டுவந்திருந்த களம்பூர் அரிசியைப் பொங்கித் தின்றுவிட்டுத் தூங்குவதாகத் திட்டம் போட்டார். அந்த மனிதர் வேறு ஊர் அரிசியைத் தொட மாட்டார். நான் போய் நின்றேன். பூட்டான் எல்லை பஸ்ஸில் நாலு மணி நேரம்தானாம், விடியற்காலை போய் ராத்திரிக்குள் வந்துவிடலாமாம், நான் மட்டும் போய் வரட்டுமா என்று கேட்டேன்.

"தனியாவா? இன்னா வெளையாடறியா?"

அண்ணிதான் காப்பாற்றினார். "அவளுக்கு இந்தி தெரியும். உங்களுக்கு இன்னா தெரியும்? போய்ட்டு வரட்டும் வுடுங்க" என்றார். குடையும், வாழையிலை கிடைக்காததால் செய்தித்தாளில் மடித்த புளிச்சோறும் கொடுத்தார்.

"ஏழு மணிக்கு நீ இங்க நிக்கணும். ஏழு ஒண்ணு ஆச்சின்னா உங்கப்பாக்கு போன் போட்ருவேன். அப்புறம் என்ன பேஜார் பண்ணக் கூடாது" என்றார் ஏகாம்பரம் அண்ணன். சொன்னால் சொன்னபடி செய்கிற ஆள். அதுதான் அவரிடம் பெரிய தொல்லை.

பஸ் புறப்பட்டபோது மூடுபனி. தேயிலைத் தோட்டங்களுக்கு வந்ததும் சுள்ளென்று வெயில். ஒரு ஆற்றைக் கடந்தபோது தூறல், அடுத்த ஊரில் மண் காய்ந்து கிடந்தது. எங்களுக்கு மழை என்றால் ஒரு பக்கம் கறுக்கும், காற்று அடிக்கும், நாய் ஓடும், பிறகு வரும். ஓடித் தூக்க நேரம் இருக்கும். அந்த ஊர் மழைக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியவில்லை. ஜெய்காவ் என்ற எல்லை ஊரில் இறங்கியபோது தலைமேல் வெயில், எதிரே மலையடிவாரத்தில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. திரும்புகிற பஸ் இரண்டரைக்கு என்று கேட்டு வைத்துக்கொண்டேன். அதை விட்டால் அடுத்தது நாலு மணிக்குத்தான்.

ஜெய்காவ் நம்ம ஊர்க் கடைத்தெரு மாதிரிதான். ஆட்டோ, ஹாரன், சகதி. நடுவே ஒரு வாசல். டிராகன் எல்லாம் வரைந்து, கோயில் முகப்பு மாதிரி. அதற்கு அந்தப் பக்கம் வேறு நாடு, புன்ட்சோலிங் என்று ஊர். வாசலில் சீருடையோடு ஒருவர் நின்றார். என் அடையாள அட்டையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு விறைப்பாகப் போனேன். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை, கொட்டாவி விட்டார். மார்க்கெட்டுக்குப் போகிற கூட்டத்தோடு கூட்டமாக ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குள் நடந்துவிட்டேன். பத்தடியில் ஹாரன் சத்தம் நின்றுபோனது. ஆண்கள் முழங்கால்வரை அங்கி கட்டியிருந்தார்கள், பெண்கள் நெய்த துணியை உடம்பைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். ஒருத்தியின் உடுப்பில் பூ வேலையைப் பார்க்கப் பின்னாலேயே இரண்டு தெரு போனேன். அவள் திரும்பிப் பார்த்தபோது நான் ஆகாயத்தைப் பார்த்தேன்.

நல்லது. அங்கேயே நிழலில் உட்கார்ந்து புளிச்சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்பியிருக்கலாம். மலை என்று ஒன்று எதிரே நின்றால் என்னால் கீழே இருக்க முடியாதே. எங்களுக்கெல்லாம் மலை என்றால் போளூர்ப் பக்கம் தூரத்தில் நீலமாகத் தெரியும் ஜவ்வாது மலை. இங்கே மலை தெருமுனையிலேயே ஆரம்பமாகிறது. வளைந்து ஏறும் சாலையில் நடந்தேன். ஒரு வளைவில் வெயில், அடுத்த வளைவில் மேகம் காலடியில் வந்துவிடும், குடையை விரித்தால் நின்றுவிடும். மடக்கினால் பெய்யும். வேண்டுமென்றே செய்கிறதோ என்று நினைத்தேன். வாய்விட்டுத் திட்டியும் பார்த்தேன், தமிழில்தானே, யாருக்குத் தெரியும்?

நாலைந்து வீடுகள் இருந்த ஒரு மேட்டில்தான் அது நடந்தது. மூடுபனி இறங்கி எல்லாம் மங்கலாக இருந்தது. மரத்துக்கும் கம்பத்துக்குமாக நீளமாக வண்ணங்கள் தொங்கின. நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள். சடசடவென்று பெரும் மழை இறங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசிக்கவே இல்லை. கால்தான் ஓடியது. குடையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்க் கம்பத்தில் இருந்த முடிச்சை அவிழ்த்து, கயிற்றோடு இழுத்து இழுத்துக் கையில் சுற்ற ஆரம்பித்துவிட்டேன்.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு அம்மா கத்திக்கொண்டே ஓடி வந்தாள். ஐம்பது வயது இருக்கும். இந்தி நன்றாகப் பேசினாள்.

"ஏய், யாரு நீ? அத எதுக்கு அவுக்கற?"

"மழம்மா! நனையுது பாருங்க!"

"அது நனையத்தான் கட்டியிருக்கு!"

அப்போதுதான் கையிலிருந்ததைப் பார்த்தேன். ஒவ்வொரு துணியிலும் வரி வரியாக எழுத்து. மந்திரம் எழுதிய கொடிகள். காற்றும் மழையும் அடித்து அந்த மந்திரத்தை ஊரெல்லாம் கொண்டுபோக வேண்டும் என்று கட்டி வைத்ததாம். அது நைந்து உதிரும்வரை தொடக்கூட மாட்டார்களாம். அதை நான் கொல்லைத் துணி மாதிரி சுருட்டிக்கொண்டு நிற்கிறேன்! மானம் கப்பலேறியது. திருட்டு முழி முழித்துக்கொண்டு, மறுபடி கம்பத்தில் கட்டிக் கொடுத்தேன். நெசவுக்கார முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும். அந்தக் கயிறு இன்னும் இருந்தால், என் முடிச்சு அவிழ்ந்திருக்காது. அதற்கு நான் ஜவாப்தாரி.

அந்த அம்மாவுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அடுத்த வீட்டுப் பின்பக்கம், கவைக் கால்களின்மேல் மூன்று மூங்கில் கம்புகள். அவற்றில் சிட்டம் சிட்டமாக, வளையம் வளையமாகச் சுற்றிய நூல். இந்தத் தடவை நிஜமான நூல். பட்டு. அந்த மினுக்கை நான் தூக்கத்தில்கூடத் தப்பாகச் சொல்ல மாட்டேன். சிவப்பு, மஞ்சள், பச்சை. சிவப்பிலிருந்து சாயம் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அது? அதுவும் நனையணுமா?"

அவள் திரும்பிப் பார்த்து வாயில் கை வைத்தாள். அது அவளுடையது இல்லை, அந்த வீட்டுக்காரி கடைத்தெருவுக்குப் போயிருக்கிறாள் என்றாள். சொல்லிக்கொண்டே ஓடினாள். நானும் ஓடினேன். போன வேகத்தில் அவள் சிட்டங்களை உருவிக் கையில் அள்ளப் போனாள். அள்ளினால் போச்சு. சிவப்பு மஞ்சளில் ஏறும், எல்லாம் சிக்கலாகும், பிறகு அந்த நூலை அடுப்பில்தான் போட வேண்டும். எனக்கு இந்தி எல்லாம் மறந்துவிட்டது. ஆரணித் தெருவில் நிற்கிற மாதிரி கத்தினேன்:

"அள்ளாதம்மா! கம்போட தூக்கு! கம்போட!"

அவளுக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. ஆனால் நான் கம்பின் ஒரு முனையைப் பிடித்ததும் மறு முனையைப் பிடித்துவிட்டாள். சிவப்பு, மஞ்சள், பச்சை, மூன்று நடை. ஒன்றோடொன்று படாமல் அந்த வீட்டுத் தாழ்வாரத்தில் மூட்டைகளின்மேல் முனைகள் நிற்கக் கம்புகளைக் கிடத்தினோம். கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஒன்றே முக்கால். அந்த நிமிஷமே இறங்கினால் இரண்டரை பஸ்ஸைப் பிடிக்கலாம்.

நூல் உள்ளே வந்துவிட்டது, இனி என்ன என்று கேட்பீர்கள். தறிக்காரர் வீட்டில் பிறந்தவர் கேட்க மாட்டார். ஈரச் சாயத்தில் மழை பட்டதை அப்படியே விட்டால் திட்டுத் திட்டாகக் காயும். ஒவ்வொரு சிட்டமாக உதறி, தட்டி, இழையைப் பிரித்துவிட வேண்டும். அந்த அம்மாவிடம், அப்படிச் செய்யத் தெரியுமா என்று கேட்டேன். அவள் நெய்கிறவள் இல்லையாம், காய்கறிக் கடையாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் போனால் இந்த நூல் கெட்டது. போகாவிட்டால் ஏழு மணி, ஏகாம்பரம் அண்ணன், அப்பா, அதோடு சரி. முகம் தெரியாத ஒருத்தியின் நூலுக்காக என் ரயிலையெல்லாம் நானே நிறுத்துவதா? கம்பின் ஓரமாகச் சிவப்பு இன்னும் சொட்டியது. சுடிதார்க் கையை முழங்கைக்குமேல் ஏற்றிக்கொண்டு முதல் சிட்டத்தை எடுத்தேன்.

அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடைசிப் பச்சைச் சிட்டத்தைப் பிரித்து முடித்தபோது இழை இழையாகத் தொங்கியது, எங்கள் சாயப்பட்டறையில் தொங்குவதைவிட நேர்த்தியாக. காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று நீங்கள் சிரிக்கலாம். அந்த அம்மா என் முழங்கைவரை சிவந்த கைகளைப் பார்த்துவிட்டு, எந்த ஊர் என்று கேட்டாள். ஆரணி என்றேன். தெரியாது என்றாள். "பட்டு ஊரு" என்றேன், ஊரையே நான் நெய்து வைத்த மாதிரி. உப்பும் வெண்ணெயும் போட்ட டீ கொடுத்தாள். டீயில் உப்பு! ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். அவள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் மூன்று காட்டியது. அந்த நாட்டுக்கு நேரம் அரை மணி முன்னால் என்று அப்போதுதான் தெரிந்தது. என் கணக்கில் சரியாக இரண்டரை. பஸ் புறப்பட்டிருக்கும். வெளியே பளீரென்று வெயில் அடித்தது, ஒன்றுமே நடக்காத மாதிரி.

நாலு மணி பஸ்ஸில் வந்து எட்டரைக்கு இறங்கினேன். ஏகாம்பரம் அண்ணன் விடுதி வாசலிலேயே நின்றார். ஏழு ஒன்றுக்கு அப்பாவுக்குச் சொல்லியாகிவிட்டது. "போடு போன, நீயே பேசு" என்று தன் போனையே நீட்டினார். கோபத்தில் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். பயந்துபோயிருக்கிறார் என்று இப்போது புரிகிறது.

முதல் மணியிலேயே அப்பா எடுத்தார்.

"எங்க இருந்த?"

"மலைமேலப்பா. நூலு நனைஞ்சிகினு இருந்திச்சி. எடுத்து வெச்சிட்டு வந்தேன்."

"யாருது?"

"தெரியாதுப்பா."

முடிந்தது என்று நினைத்தேன். தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்த மாதிரியே இருந்தது.

"எல்லாத்தையும் எடுத்துட்டியா?" என்றார் அப்பா.

"எடுத்துட்டேன்ப்பா."

"சாயம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறலியே?"

"ஏறலப்பா. கம்போட தூக்கினோம். உதறிப் பிரிச்சிட்டுத்தான் வந்தேன்."

"சரி. மேனேஜராண்ட குடு."

ஏகாம்பரம் அண்ணன் போனைக் காதில் வைத்து, "ம்... ம்..." என்றார். வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அடுத்த ஊருக்கும் உன்னயே இட்டுகினு போவணுமாம். உங்கப்பாக்கு இன்னா ஆச்சி?" என்றார். அண்ணி சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்துப் பார்த்தார். அந்தச் சிவப்பு ஒரு வாரம் போகவில்லை. கண்காட்சியில் வாடிக்கையாளர்கள் மருதாணியா என்று கேட்டார்கள். நானும் ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர் போய்விட்டேன். அந்தப் பயணங்களில்தான் இந்தக் கடை வந்தது. ஆரணித் தறிகளுக்கும் ஒரு குறையும் இல்லை. நாங்கள் போனில் படம் அனுப்பினால் புடவை கடல் தாண்டிப் போகிறது, அதில் எனக்குக் கொள்ளைப் பெருமை. ஆனால் அந்த வாசல் வழியே இப்போது ஆள் நடப்பதில்லை. போன வருஷம் போய் வந்த என் தம்பி மகள் சொன்னாள், தனிக் கட்டடம், வரிசை, அடையாள அட்டை, சோதனை எல்லாம் இருக்கிறதாம். கொட்டாவி விட்ட மனிதரைத் தாண்டி ஒரு நாட்டுக்குள் நடந்துபோக இனி யாராலும் முடியாது. எங்கள் தெருவிலும் பாவு கிடப்பதில்லை. கொட்டகைக்குள் மிஷினிலேயே சுற்றி வந்துவிடுகிறது. நல்லதுதான், யாரும் கஞ்சியில் வழுக்கி விழுவதில்லை. தெரு முழுக்க வண்டி நிற்கிறது. மழை வந்தால் கதவைச் சாத்துகிறார்கள், அவ்வளவுதான். அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது.

செவ்வாய்க்கிழமை மழை விட்டதும் மறுபடி மாடிக்குப் போனேன், ஒரு சந்தேகத்தில். சந்தேகம் சரிதான். கொடியின் மூலையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஒரு குழந்தைச் சட்டை நனைந்து தொங்கியது. அவசரத்தில் விட்டிருக்கிறேன். பிழிந்து, உதறி, கீழே கொண்டுவந்து அந்தக் கோயம்புத்தூர்ப் பெண் வீட்டுக் கதவுப் பிடியில் மாட்டினேன். இந்தத் தடவையும் கேட்கவில்லை. படியில் யாரும் இல்லை. அதனால் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்:

"எல்லாத்தையும் எடுத்துட்டேன்ப்பா."